முள் ஏறிய வேளை

கரையான்சாவடியில் ஆவடிச் சாலை பிரியும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கார் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு வேப்பமரம், தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த மண்தரை. எப்போது போனாலும் நான்கைந்து வண்டிகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடம். பூந்தமல்லியை ஒட்டிக் குமணன்சாவடி, கரையான்சாவடி என்று அடுத்தடுத்து இரண்டு சாவடிகள். மாட்டு வண்டிகளை அவிழ்த்துப் போட்ட இடத்தில் இப்போது மோட்டார் வண்டிகளை அவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று வகுப்பில் ஒருமுறை சொன்னேன். மாணவர்கள் சிரிக்கவில்லை.

பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்றே அழைப்பார்கள். அறுபதைத் தாண்டியவர். என்னிடம் இருக்கும் வண்டியை அதன் முதல் நாளிலிருந்து அறிந்தவர் அவர் ஒருவர்தான். மற்றொருவர், என் அப்பா, 2011இல் இறந்துவிட்டார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்த அப்பா, 1998 ஜூனில் சேமநல நிதியில் கடன் எடுத்து மாருதி 800 ஒன்றை வாங்கினார். வெள்ளை நிறம். குளிர்சாதனம் இல்லாத, கார்புரேட்டர் வைத்த வண்டி. எங்கள் தெருவுக்கு வந்த இரண்டாவது கார் அது. வாங்கிய அன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுப் பத்தி பிரித்து, தேதி, ஓடிய தூரம், பெட்ரோல், செலவு, குறிப்பு என்று எழுதத் தொடங்கினார். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது ஒரு நோய் என்று அப்போது எனக்குத் தோன்றும்.

இந்த வண்டியின் வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். 1983 டிசம்பர் 14ஆம் தேதி, டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் என்பவரிடம் முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அதுவரை இந்தியச் சாலைகளில் 1489 சிசி அம்பாசடரும் 1089 சிசி பத்மினியும்தான் பெரும்பாலும் ஓடின. நம் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு 948 சிசி. அவற்றுக்கு நடுவில் வந்து நின்ற மாருதியின் என்ஜின் 796 சிசி. சுசுகியின் 'எஃப்8பி' என்ற என்ஜின் அது. மூன்றே சிலிண்டர்கள். பொம்மைக் கார் என்று அன்று கேலி செய்தவர்கள் உண்டு. (வண்டலூர்க்காரர்கள் 1985இல் இங்கிலாந்தின் ரோவர் வண்டியின் அழகான உடலுக்குள் தங்களுடைய பழைய காலத்து என்ஜினை வைத்து 'ஸ்டாண்டர்டு 2000' என்று விற்றுப் பார்த்தார்கள். பெட்ரோலை அது குடித்த குடியில் இரண்டு மூன்று ஆண்டுகளில் கதை முடிந்தது. உடல் புதிதாக இருந்தால் போதாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் சென்னைக்கு வாய்க்கவில்லை.)

796 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று பாயிடம் ஒருமுறை கேட்டேன். "கம்பெனில வர்றது சார்" என்றார். பிறகு நானே கணக்குப் போட்டேன். ஒவ்வொரு சிலிண்டரின் உள்விட்டமும் 68.5 மில்லிமீட்டர், அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 72 மில்லிமீட்டர். பள்ளியில் படித்த உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் இட்டால் ஒன்றுக்கு 265 கன சென்டிமீட்டர் சொச்சம் வருகிறது. மூன்றுக்கும் சேர்த்து 796. ஒரு லிட்டர் பால் பையைவிடக் குறைந்த இடம்! அதற்குள் நிகழும் வெடிப்புகளை வைத்துக்கொண்டு இந்த என்ஜின் 40க்குச் சற்றுக் குறைவான குதிரைத்திறனைத் தருகிறது. வண்டியின் எடை 650 கிலோவை ஒட்டியது என்பதால் அது போதுமானதாக இருந்தது. பாடநூல்கள் சிலிண்டரை உருளை என்றும் பிஸ்டனை உந்துதண்டு என்றும் சொல்கின்றன. நல்ல சொற்கள்தான். ஆனால் பாயிடம் போய் மூன்றாம் உருளையில் குறை என்று சொன்னால் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைப்பார். எனவே இக்கட்டுரையில் பட்டறைச் சொற்களையே வைத்துக்கொள்கிறேன்.

மூன்று சிலிண்டர் என்பதால் இந்த என்ஜினுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. அச்சு இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குள் மூன்று வெடிப்புகள். அதாவது 240 பாகைக்கு ஒன்று. நான்கு சிலிண்டர் வண்டியில் 180 பாகைக்கு ஒன்று. அதனால் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது மாருதி உடல் முழுக்க நடுங்கும். ஓரத்து பிஸ்டன்கள் இரண்டும் மாறி மாறி என்ஜினின் தலையையும் வாலையும் ஊசலாட்டுவதும் சேர்ந்துகொள்ளும். இந்த நடுக்கத்தை வாங்கிக்கொள்வதற்காக என்ஜினுக்குக் கீழே ரப்பர் தாங்கிகள் வைத்திருக்கிறார்கள். ரப்பர் வயதாகி இறுகிவிட்டால் சிக்னலில் நிற்கையில் கண்ணாடியும் கதவும் ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடும். வாங்கிய புதிதில், இந்த நடுக்கத்தை ஏதோ கோளாறு என்று நினைத்து அப்பா பாயிடம் ஓடினாராம். "குழந்தைக்கு மூச்சு வாங்குதுன்னு டாக்டர்கிட்ட ஓடுற மாதிரி வந்தாரு சார்" என்று பாய் இன்றும் சொல்வார்.

மற்ற நோய்களை வேகமாகச் சொல்லிவிடலாம். கார்புரேட்டரில் பெட்ரோல் செல்லும் துளைகள் ஊசிமுனை அளவு; தூசு அடைத்தால் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் வண்டி விக்கும். பெட்ரோல் பம்பு இந்த வண்டியில் மின்சாரத்தால் இயங்குவதில்லை. என்ஜினே ஒரு ரப்பர் சவ்வை மேலும் கீழும் அசைத்துப் பெட்ரோலை இழுக்கிறது. சவ்வு கிழிந்தால் வண்டி நின்றுவிடும். டேப்பட் இடைவெளியை அவ்வப்போது சரிசெய்யாவிட்டால் தையல் இயந்திரச் சத்தம் வரும். மேல் மூடியின் கேஸ்கட் இறுகிப்போய் எண்ணெய் கசியும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கினால் கார்த்திகை மழையில் காலையில் செல்ஃப் மட்டும் சுற்றும், என்ஜின் எழாது. கழற்றித் துணியால் துடைத்தால் எழுந்துவிடும். டைமிங் பெல்ட் அறுந்தால் மட்டும் துடைத்துப் பயனில்லை. 2000 வாக்கில் கம்ப்யூட்டர் வைத்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை இதே 800இல் வந்தபின் கார்புரேட்டர் நோய்கள் ஒழிந்து, சென்சார் நோய்கள் பிறந்தன. எப்படியிருந்தாலும் இவை எதுவும் ஆளைக் கொல்லும் நோய்கள் இல்லை. ஆம்னியிலும் இதே 796 சிசி என்ஜின்தான் என்பதால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. ஜி.பி. ரோட்டில் கிடைக்காதது புதுப்பேட்டையில் கிடைக்கும்.

இந்த என்ஜினைக் கொல்லக்கூடியது சூடு ஒன்றுதான். அதைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நெரிசலில் நிற்கையில் காற்று இல்லை. அப்போது ஒரு மின்விசிறி சுழல வேண்டும். தண்ணீர் குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் அந்த விசிறிக்கு மின்சாரம் கொடுப்பது கட்டைவிரல் அளவுள்ள ஒரு பித்தளை சுவிட்ச். அது செத்துவிட்டால் விசிறி சுழலாது. நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு அது செத்தது தெரியவே தெரியாது. நெரிசலில் மாட்டினால்தான் முள் ஏறும்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. நானெல்லாம் அதைச் சொம்பு மூடி போலத்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது பிரஷர் குக்கரின் வெயிட்டுக்கு உறவு. கூடுதலாக ஒரு வளிமண்டல அழுத்தம் இருந்தால் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். அந்த அழுத்தத்தைத் தாங்கி வைத்திருப்பது அந்த மூடியின் சுருள்வில். சென்னையின் சுந்தரம் பாஸ்டனர்ஸ் 1990களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது என்று படித்தபோது, ஒரு மூடிக்கா இத்தனை பெருமை என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

2023 மே மாதம். அம்மாவுக்கு போரூரில் கண்புரை அறுவை செய்து பத்து நாள் ஆகியிருந்தது. மறுபரிசோதனைக்கு அழைத்துச் சென்று திரும்பிக்கொண்டிருந்தேன். பகல் பன்னிரண்டரை மணி. மெட்ரோ ரயில் வேலைக்காகச் சாலையை இருபுறமும் தகரம் அடித்துக் குறுக்கியிருந்தார்கள். ஐயப்பன்தாங்கலில் வண்டிகள் ஊர்ந்தன. முள் பாதியைத் தாண்டியிருந்தது.

விசிறி சுழல்வதில்லை என்பது எனக்கு மூன்று வாரமாகத் தெரியும். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பாயிடம் சொன்னேன், "சுவிட்ச்சா இருக்கும், விட்டுட்டுப் போங்க சார், அரை மணி வேலை" என்றார். விடைத்தாள் திருத்தும் பணி இருந்தது. கல்லூரிக்குப் போகும் பாதையில் நெரிசல் இல்லை. முள் ஏறவில்லை. ரேடியேட்டரில் நீர் குறைந்தபோது வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளை படியும் எங்கள் பகுதித் தண்ணீர்.

காட்டுப்பாக்கம் வரும்போது முள் சிவப்பைத் தொட்டது.

"ஏதோ வேகுற வாசனை வருதுடா" என்றார் அம்மா. கறுப்புக் கண்ணாடி போட்டுப் பின்னிருக்கையில் சாய்ந்திருந்தார்.

"வந்துட்டோம்மா. இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்."

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாத கார்க்காரர் இருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். குமணன்சாவடியைத் தாண்டியதும் வண்டி இழுவை குறைந்து, இருமுறை குலுங்கி நின்றது. முன்மூடியின் இடுக்குகளிலிருந்து ஆவி எழுந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள். நான் இறங்கி முன்மூடியைத் தூக்கி, செய்யவே கூடாத காரியத்தைச் செய்தேன். கைக்குட்டையைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். அடைபட்டிருந்த அழுத்தம் விடுபட்டதும் உள்ளிருந்த நீர் ஒரே கணத்தில் ஆவியாகிப் பீறிட்டது. முகத்தைத் திருப்பியிருந்ததால் கண் தப்பியது. மணிக்கட்டு முதல் முழங்கை வரை வெந்துவிட்டது. அம்மா பதறி இறங்கி வந்து, தன் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து என் கையில் சுற்றினார். அறுவை செய்த கண்ணோடு, மெட்ரோ புழுதியில், மே மாத வெயிலில் அவர் நாற்பது நிமிடம் நின்றார். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என்னுடைய புத்திசாலித்தனத்தால் அல்ல.

மறுநாள் பாய் ஹெட்டைக் கழற்றினார். எண்ணெய் அளக்கும் கம்பியை முதலில் காட்டினார். மோர் போல வெளுத்திருந்தது. தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டது. சிலிண்டர்களுக்கும் அவற்றை மூடும் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு கேஸ்கட் இருக்கிறது. நெருப்பு, நீர், எண்ணெய் மூன்றும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் தனித்தனி வழிகளில் போவது அந்த ஒரு தகட்டின் தயவால்தான். ஹெட் அலுமினியம். சூடு எல்லை கடந்தால் அது வளையும். வளைந்தால் கேஸ்கட்டின் பிடி விட்டுப்போகும். பாய் எஃகு அளவுகோலை ஹெட்டின் முகத்தில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். அளவுகோலுக்கும் உலோகத்துக்கும் இடையே மயிரிழை வெளிச்சம் தெரிந்தது.

"பாருங்க சார். முள்ளு மேல போனா நிறுத்திடணும் சார். நிறுத்தியிருந்தா முந்நூத்தம்பது ரூவா சுவிட்ச்சு. இப்ப லேத்துக்குப் போவணும், பேசிங் அடிக்கணும், கேஸ்கட்டு, வால்வு, ரிங்கு… இருபதாயிரம் தாண்டிடும்."

அவர் குரலில் கோபமில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

பிரச்சினை பணம் மட்டுமில்லை. 1998இல் பதிவான வண்டிக்கு 2013இல் பதினைந்து ஆண்டு முடிந்து, அதன்பின் ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2018இல் ஒருமுறை ஆயிற்று. 2023 ஜூனில் அடுத்தது. 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான மையக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ஆகியிருந்தது; பசுமை வரி தனி. பழைய வண்டிகளை உடைக்கக் கொடுக்கும் கொள்கையும் 2021இல் வந்துவிட்டது. மாருதி நிறுவனமே 800ஐச் சென்னை உள்ளிட்ட பதின்மூன்று நகரங்களில் 2010இல் விற்பதை நிறுத்தி, 2014 ஜனவரியில் உற்பத்தியையும் முடித்துக்கொண்டிருந்தது. பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து பார்த்து 18,000 தருவதாகச் சொன்னார். மனைவி, "கொடுத்துடுங்க, அதுக்கு மேல அது எதுக்கு" என்றாள். நியாயமான பேச்சு. நானும் சம்மதித்தேன்.

வண்டியைக் கொடுக்க ஆர்.சி. புத்தகம் வேண்டும். அதைத் தேடி அப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறந்தபோதுதான் நோட்டுப் புத்தகம் அகப்பட்டது. நான் அதைப் பிரித்துப் படித்ததே இல்லை. முனைவர் பட்டத்துக்காக யார் யாருடைய கையெழுத்துப் படிகளையோ பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவன் நான். தரையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பதின்மூன்று ஆண்டு. ஒரு தடவை பெட்ரோல் போட்டதும் விடுபடவில்லை. லிட்டருக்கு 16, 17, ஒரு திருப்பதிப் பயணத்தில் 19.2 என்று வகுத்து எழுதியிருந்தார். இரண்டாண்டுக்கொருமுறை 'கூலன்ட் மாற்றியது. போர் தண்ணீர் கூடாது' என்ற குறிப்பு.

2004 மே மாதத்தில் ஒரு பதிவு. "முள் ஏறியது. பூந்தமல்லி அருகே நிறுத்தினேன். விசிறி சுற்றவில்லை. பையனுக்கு நேரமாகிவிட்டதால் பஸ்ஸில் அனுப்பினேன். ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டு, நின்று நின்று வந்தேன். சுவிட்ச் மாற்றியது ரூ. 140."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு இருபத்தைந்து வயது. தற்காலிக விரிவுரையாளர் பணிக்கு நேர்காணல். பத்து மணிக்கு இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு அப்பா சாலையோரம் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டார். இன்னும் கொஞ்ச தூரம்தானே, ஓட்டுங்கள் என்று நான் மன்றாடினேன். மாட்டேன் என்றார். "உங்களுக்கு உங்க கார்தான் பெரிசு" என்று கத்திவிட்டுக் கதவை அறைந்து சாத்தி, ஓடிப்போய்ப் பேருந்தில் தொற்றினேன். தாமதமாகத்தான் போனேன். அந்த வேலை கிடைக்கவில்லை. இரண்டு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. அன்று அவர் எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று நான் கேட்டதே கிடையாது.

'அனுப்பினேன்' என்று எழுதியிருந்தார்.

இரும்புக்காரரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்ட மனைவியிடம் நோட்டைக் காட்டவில்லை. அம்மாவிடம் மட்டும் படித்துக் காட்டினேன். அம்மா, "அன்னிக்கு மத்தியானம் வந்து சாப்பிடவே இல்ல அவர்" என்றார். அவ்வளவுதான்.

வேலை முடியப் பதினொரு நாளாயிற்று. அம்பத்தூரில் ஒரு லேத்தில் ஹெட்டின் முகத்தைச் சீவிச் சமன் செய்தார்கள். மிக மெல்லிய சீவல்தான். அதிகம் சீவினால் எரியும் அறை சுருங்கி அழுத்தம் கூடிவிடும். பிஸ்டன் ரிங்குகள் மாற்றினார்கள். ரேடியேட்டரைக் கழற்றிச் சுண்ணாம்புப் படிவை எடுத்தார்கள். புதிய மூடி, புதிய சுவிட்ச், சிவப்பு நிறக் கூலன்ட். தெர்மோஸ்டாட் வால்வை மட்டும் பாய் பழைய வழக்கப்படி நீக்கிவிடப் பார்த்தார். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்பது இங்குள்ள பல பட்டறைகளின் சித்தாந்தம். அது இல்லாவிட்டால் என்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் வீணாகும், தேய்மானம் கூடும் என்று நான் படித்ததை ஒப்பித்தேன். "வாத்தியாரு இப்பதான் பாடம் நடத்துறாரு" என்று பையன்களிடம் சொல்லிச் சிரித்தபடி புது வால்வைப் போட்டார். மொத்தம் 23,400 ரூபாய்.

ஜூனில் பதிவைப் புதுப்பித்தாயிற்று. அடுத்த முறை 2028இல். இருபது ஆண்டைத் தாண்டிய கார்களுக்குக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். அதற்குள் வேறொரு தொல்லை. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் எங்கும் வந்துவிட்டது. எத்தனாலில், அதே அளவு பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான்; அது ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரையும் ஊதச் செய்யும். இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் அதை நினைத்திருக்க நியாயமில்லை. பம்பின் சவ்வையும் பெட்ரோல் குழாய்களையும் ஒருமுறை மாற்றியாகிவிட்டது. அதிக நாள் நிறுத்தி வைக்காதீர்கள், டாங்கியில் ஈரம் சேரும் என்கிறார் பாய். ஆகவே வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆவடி வரை போய்வருகிறேன். சில வாரங்களில் அம்மாவும் வருவார்.

நோட்டில் அப்பாவின் கடைசிப் பதிவுக்குக் கீழே ஒரு பக்கம் வெற்றாக விட்டு நான் எழுதத் தொடங்கினேன். பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு நடுவில் இல்லை. அதைப் பார்த்த பாய், வெற்றுப் பக்கம் எதற்கு, அந்த வருஷங்களில் தான் செய்த வேலைகள் தனக்கு நினைவிருக்கின்றன, சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். வேப்பமரத்தடியில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கிளட்ச் மாற்றியது, சைலன்சர் அரித்துப் போனது, 2015 வெள்ளத்தில் ஏர் ஃபில்டர் வரை தண்ணீர் ஏறியது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தேதி தெரியாத இடங்களில் மழைக்காலம், ரம்ஜானுக்கு முன்னால் என்று குறித்திருக்கிறேன்.

சென்ற வாரப் பதிவு: 9.4 லிட்டர், 131 கிலோமீட்டர். லிட்டருக்கு 13.9. டேப்பட் சத்தம் லேசாகக் கேட்கிறது. வெள்ளிக்கிழமை பட்டறை மூடியிருக்கும். சனிக்கிழமை விட வேண்டும்.